பகலிலா, இரவிலா? – சின்னாறிலிருந்து போடிமெட்டு வரை

முதல் நாள்: உடுமலை – சின்னாறு

உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தில் மூணாறு வண்டிக்காகக் காத்திருந்தேன். கீரைக்கட்டுகளை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிய ஓர் அம்மாள் என் முதுகுப்பையைப் பார்த்து, “சுற்றிப் பார்க்கவா அம்மணி?” என்று கேட்டார்.

“வேலையாகப் போகிறேன் அம்மா. யானை பற்றி.”

“டாக்டரா?”

“இல்லை. யானை வருகிற ஊர்களில் ஆட்களிடம் பேசி எழுதிக்கொண்டு வர வேண்டும்.”

சற்று யோசித்தார். “அதற்குச் சம்பளம் உண்டா?”

உண்டு என்றேன். கொஞ்சம்தான் என்று சேர்த்துச் சொன்ன பிறகே அவர் முகம் தெளிந்தது.

எங்கள் ஆய்வுக் குழுவில் ஒருவர் யானை லத்தி, அதாவது சாணம், எண்ணுகிறார். ஒருவர் மரங்களில் தானியங்கிக் கேமரா கட்டிப் புலியின் வரிகளைப் பார்த்து அடையாளம் சொல்கிறார். நான் சமூகவியல் படித்தவள். காட்டு விளிம்பில் வாழ்கிறவர்களிடம் கேள்வித்தாளோடு போகிறவள். கூட்டங்களில் என் பகுதி எப்போதும் கடைசியில்தான் வரும், தேநீர் ஆறிய பிறகு. “நான் லத்தியை எண்ணுகிறேன், நீ பேச்சை எண்ணுகிறாய்” என்பார் லத்திக்காரர். நல்ல மனிதர்தான். லத்தி பொய் சொல்லாது என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

பிறந்து வளர்ந்தது மன்னார்குடிப் பக்கம். எங்கள் ஊரில் யானை என்றால் ராஜகோபாலசாமி கோயில் செங்கமலம். பள்ளிக்கூடத்துப் பெண்ணைப் போலத் தலைமுடி வெட்டி வாரிவிட்ட யானை. காட்டு யானையை முதலில் பார்த்தபோது எனக்கு வயது இருபத்தாறு. முடி வாராமல் இருந்தது என்பதுதான் முதலில் மனத்தில் பட்டது.

இந்த முறை ஏழு நாள். சின்னாறு, மறையூர், மூணாறு, சின்னக்கானல் வழியாகப் போடி. பையில் பன்னிரண்டு பக்கக் கேள்வித்தாள். ஆங்கிலத்தில் எழுதித் தமிழுக்குக் கொண்டுவந்தது. கொண்டுவந்தவள் நான் என்பதால் யாரையும் குறை சொல்ல வழியில்லை. எந்த வீட்டுக்குப் போவது என்பதற்கும் கணக்கு உண்டு: வார்டின் வீட்டுப் பட்டியலில் பத்துக்கு ஒரு வீடு. இஷ்டப்பட்ட வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வரக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான் என்று இன்றுவரை நம்புகிறேன்.

ஒன்பதாறு சோதனைச்சாவடி தாண்டியதும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். உடைமரமும் கள்ளியும் கல்லும். அடுத்த சாவடி சின்னாறு, அங்கிருந்து கேரளம். மூணாறில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்கு மழை இந்தச் சரிவுக்கு வந்து சேர்வதற்குள் வற்றிப்போகிறது. இங்கே மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே ஓடுபவை மூன்று. அவற்றில் ஒன்றான பாம்பாறு இந்தப் பள்ளத்தில் இறங்கி அமராவதிக்குப் போகிறது. மரத்துக்கு மரம் தாவிய சாம்பல் நிற மலையணில் எந்த மாநிலத்தது என்று சாவடிக் காவலரைக் கேட்டேன். “காலையில் எங்களுடையது” என்றார்.

பல மாதம் நடையாய் நடந்து வாங்கிய அனுமதிக் கடிதத்தை அவர் இரண்டு முறை படித்தார். “சமூக அறிவியல்” என்ற சொல்லில் விரலை வைத்து, “இது காட்டில் எதற்கு?” என்றார். பதில் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் ஒரு காய்கறி லாரி வந்துவிட்டது.

இரண்டாம் நாள்: குடியில்

குடி என்றால் இங்கே பழங்குடியினரின் ஊர். நான் போன குடியின் பெயரை எழுதப்போவதில்லை. பேசியவர்களை அடையாளம் காட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் பேச உட்கார்கிறோம். நாற்பது வீடு உள்ள இடத்தில் ஊர்ப் பெயரைச் சொன்னால் ஆளைச் சொன்னது போலத்தான். சின்னாறு சரணாலயம் 1984இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 90.44 சதுர கிலோமீட்டர். அதற்குள் முதுவர்களும் மலைப்புலையர்களும் வாழும் குடிகள் இருக்கின்றன. நான் போனது முதுவர் குடி.

முன்னால் நடந்த தம்பி அதே குடிக்காரர், வனத்துறையில் தினக்கூலி வாட்சர். ஓரிடத்தில் நின்று கையை உயர்த்தினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. புளித்த கஞ்சி வாடை போல ஒன்று காற்றில் வந்து போனது. கால் மணி நேரம் நின்றோம். பிறகு வேறு வழியில் சுற்றிப் போனோம். அந்தக் கால் மணி நேரத்தை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்பது போல நின்றார்.

குடியின் தலைவர் காணி. அவரிடம் சொல்லாமல் யாரிடமும் பேசக்கூடாது, அதுதான் முறை. மதுரையிலிருந்து முதுகில் தெய்வத்தைச் சுமந்து மலையேறி வந்ததால் முதுவர் என்று பெயர் வந்ததாகத் தங்கள் கதையைச் சொல்வார்கள். அவர்கள் பேச்சு காதுக்குத் தமிழாகவே விழுகிறது. அரசுப் படிவங்கள் வருவது மலையாளத்தில். நான் கொண்டுபோனது செய்தித்தாள் தமிழில். இந்த மூன்றுக்கும் நடுவில்தான் நேர்காணல்.

“மனித–விலங்கு மோதல் பற்றி உங்கள் கருத்து” என்று ஆரம்பித்தேன்.

காணி சிரித்தார். “மோதலா? நாங்கள் எப்போது மோதினோம்? அது வந்தது. நாங்கள் ஒதுங்கினோம்.”

அந்தச் சொல்லை அடித்துவிட்டு, நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். கூட்டமாக யோசித்தார்கள். “ஆனைத் தொந்தரவு” என்றார் ஒருவர். “தொந்தரவு என்றால் பன்றி. ஆனை வந்தால் வந்ததுதான்” என்றார் இன்னொருவர். அரை மணி நேரம் அதிலேயே போனது. லத்திக்காரர் பக்கத்தில் இருந்திருந்தால் கடிகாரத்தைப் பார்த்திருப்பார். என் தொழிலில் அந்த அரை மணி நேரம்தான் விளைச்சல்.

அடுத்தது ஐந்து கட்டம். “இந்தப் பகுதியில் யானைகள் இருப்பது நல்லது” என்று ஒரு வாக்கியம். முழுக்க ஒப்புகிறேன் என்பதிலிருந்து அறவே மறுக்கிறேன் என்பதுவரை ஐந்து பதில். ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்கர் 1932இல் வகுத்துக் கொடுத்தது. உலகம் முழுவதும் ஓநாய், கரடி, சிறுத்தை, யானை எல்லாவற்றுக்கும் இந்த அளவுகோலைத்தான் நீட்டுகிறார்கள். விலங்கின் எண்ணிக்கையைக் காடு தாங்க வேண்டும், அதோடு அங்கே வாழ்கிறவர்களின் மனமும் தாங்க வேண்டும் என்ற கருத்து 1980களில் அமெரிக்க மான் மேலாண்மையில் பேசப்பட்டு, பிறகு பாடப்புத்தகத்தில் ஏறியது. அந்த மனத்தை அளக்கத்தான் கட்டம். படிக்கத் தெரியாதவர்களுக்காகப் புளியங்கொட்டை வைத்திருந்தேன்: ரொம்பச் சம்மதம் என்றால் ஐந்து கொட்டை, சம்மதமே இல்லை என்றால் ஒன்று.

முதலில் வந்த பெண், இடுப்பில் குழந்தை, கொட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: “பகலிலா, இரவிலா?”

நான் விழித்தேன்.

“பகலில் என்றால் ஐந்தும் வைக்கிறேன். இரவென்றால் எனக்குக் கொட்டையே வேண்டாம்.”

பின்னால் இருந்த பெரியவர், “ராகி கதிர் பிடிப்பதற்கு முன்னாலா, பிறகா?” என்றார். வாட்சர் தம்பிக்கும் ஒரு சந்தேகம்: “எந்த ஆனை, டீச்சர்? கூட்டமா, ஒற்றையா?” இந்தப் பக்கம் கையில் நோட்டு வைத்திருக்கும் பெண் எல்லாரும் டீச்சர்தான்.

ஒரே வாக்கியம், மூன்று கேள்வி. எனக்கு இருந்தது ஒரு கட்டம். ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே போனேன். ஓரம் போதவில்லை.

இரவு பரணைக் காட்டினார்கள். ராகி முற்றும் காலத்தில் ஆண்கள் மரத்தில் கட்டிய பரணில்தான் தூங்குவார்கள். தூங்குவார்கள் என்பது பேச்சுக்கு. நெருப்பும் தகரமும் வைத்துக்கொண்டு விடிய விடிய விழிப்பு. பகலில் புல்தைலம் காய்ச்சும் கொட்டகையில் வேலை. அடுப்பு முன்னால் கண் அசந்து கையைச் சுட்டுக்கொண்டவரின் தழும்பைப் பார்த்தேன். என் கேள்வித்தாளில் “கடந்த ஆண்டு பயிர்ச் சேதம் எவ்வளவு” என்று இருக்கிறது. அவருக்குச் சேதம் இல்லை. ஒரு கதிரைக்கூட யானை தொடவில்லை. ஆகவே பூஜ்யம். மூன்று மாதத் தூக்கத்தைக் கொடுத்து வாங்கிய பூஜ்யம்.

அவர் பரணில் இருக்கும்போது வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் தனியாக. யானை பரணுக்கும் வீட்டுக்கும் நடுவில் போகும். குழந்தையோடு வந்து “பகலிலா, இரவிலா” என்று கேட்டவர் அவர் மனைவிதான்.

மூன்றாம் நாள்: மறையூர்

மழை. கரும்பு நனைந்து கிடக்கிறது, ஆலைக் கொட்டகையில் பாகு வாசனை. மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கம்பி வேலிக்குள் சந்தன மரங்கள். முனியறைகள் என்னும் பழங்காலக் கல்லறைகளைப் பார்க்கப் போகவேண்டும் என்று நினைத்திருந்தேன், போகவில்லை.

கொட்டகையில் பேச்சு முழுக்கப் பன்றி. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022இல் கேரளம் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. “உத்தரவு போடத் தலைவர் இருக்கிறார். சுடத் துப்பாக்கி உள்ள ஆள் எங்கே?” என்றார் வெல்லம் உருட்டிக்கொண்டிருந்த அண்ணன். உருண்டை ஒன்றைச் சூடாகக் கையில் வைத்தார். கேள்வித்தாளின் நான்காம் பக்கத்தில் இன்னும் அந்தக் கறை இருக்கிறது.

நான்காம் நாள்: மூணாறு

இரவிகுளம் தேசியப் பூங்காவின் வாசலில் வரையாடு பார்க்க வரிசை நிற்கிறது. குறிஞ்சி பூப்பது இனி 2030இல்தான் என்று யாரோ யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் எதிர்ப்பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு இறங்கினேன்.

இங்கே லயத்து வீடுகளில் மூன்று நான்கு தலைமுறையாகத் தமிழ். காலையில் பிரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு, பிறகு கொழுந்து பறிப்பு, மாலையில் மாடு. கூலிக்கு மேல் வருகிற காசு மாட்டில்தான் இருக்கிறது. அதைத்தான் புலி அடிக்கிறது.

ஒரு அக்காவின் சினைமாடு போன மாதம் போயிற்று. அதிகாரி வந்து பார்க்கும்வரை மாட்டை நகர்த்தக்கூடாது. அவர் வந்தது மறுநாள். அன்று இரவு புலி மிச்சத்துக்குத் திரும்பி வந்தது. லயத்துப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்கள். நிவாரண மனுவை அக்ஷயா என்னும் அரசு இணையச் சேவை மையத்தில் பதிவு செய்து தந்தார்கள். கைப்பேசிக்கு வந்த செய்தி மலையாளத்தில். அக்கா மலையாளம் சரளமாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. “என்ன போட்டிருக்கிறது, பாருங்கள்” என்று என்னிடம் நீட்டினார். எனக்கும் தெரியவில்லை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னோம். ஒரு சான்று சேர்க்க வேண்டும் என்றும் கெடு முடிந்து நாலு நாள் ஆகிறது என்றும் இருந்தது.

கையெழுத்துப் பிரச்சினை இங்கேதான் வந்தது. எந்த ஆய்விலும் பேசுகிறவரிடம் சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும்; அவர்களைக் காப்பதற்கான காகிதம் அது. ஆனால் தோட்டத்தில் கையெழுத்து என்றால் வேறு பொருள். 2015 செப்டம்பரில் சங்கத் தலைவர்களை நம்பாமல், ‘பொம்பிளை ஒருமை’ என்று தாங்களே திரண்டு மூணாற்றுச் சாலையில் உட்கார்ந்தவர்கள் இந்தப் பெண்கள். “யார் யாரோ எங்கள் பெயரில் என்னென்னவோ கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நீங்களும் காகிதத்தோடு வந்திருக்கிறீர்கள்” என்றார் ஒரு பாட்டி. அதற்கு மேல் வற்புறுத்துவது அயோக்கியத்தனம். வாய்ச் சம்மதம் போதும் என்று எழுதிக்கொண்டேன். அதற்குத் தனியாக அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ஊருக்குப் போய்த் திட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மாலையில் புளியங்கொட்டையை வேறு விதமாகப் பயன்படுத்தினேன். யானை, புலி, காட்டுமாடு, பன்றி என்று நான்கு தாள். எதற்குப் பயமோ அதன்மேல் கொட்டை. பாட்டி நான்கையும் பார்த்துவிட்டு, “இன்னொரு தாள் கொடு” என்றார். வெள்ளைத்தாளைத் தரையில் வைத்து, கையில் இருந்த எல்லாக் கொட்டையையும் அதன்மேல் கொட்டினார்.

“இது என்ன பாட்டி?”

“மழை.”

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை இறங்கி லயங்களை மூடியது. எழுபது உயிர். பாட்டியின் தங்கை குடும்பம் அங்கே இருந்தது. யானையைப் பற்றிக் கேட்க வந்தவளிடம் அவர் யானையைப் பற்றிப் பேசத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் எனக்கு வேண்டிய நாலு பயத்தை மட்டும் எடுத்துத் தனியாகத் தரத் தயாராக இல்லை.

இரவு கேள்வித்தாளைத் திறந்து பார்த்தேன். வானிலை பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

ஐந்தாம் நாள்: ஆனையிறங்கல், சின்னக்கானல்

தேவிகுளம் தாண்டிச் சரிவில் இறங்கினால் தேயிலை முடிந்து ஏலம் தொடங்குகிறது. கீழே நீர்த்தேக்கம். பெயரே ஆனையிறங்கல். பெயர் வைத்தவர்களிடம் யாரும் கேள்வித்தாள் கொடுக்கவில்லை. பார்த்ததைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். 2000த்தின் தொடக்க ஆண்டுகளில் நிலமற்ற பழங்குடிக் குடும்பங்கள் 301க்கு இந்தத் தேக்கத்தின் ஓரத்தில் அரசு நிலம் கொடுத்தது. யானைகள் தண்ணீருக்கு இறங்கும் பாதை அது. கொடுத்த எண்ணிக்கையே பெயராகி 301 காலனி நின்றுவிட்டது. குடும்பங்களில் பெரும்பாலானவை கிளம்பிவிட்டன.

இங்கேதான் அரிக்கொம்பன் என்ற யானை திரிந்தது. அரிசிக்காக ரேஷன் கடையை உடைத்ததால் அந்தப் பெயர். பலா பிரியன் சக்கக்கொம்பன். வால் முறிந்தவன் முறிவாலன். அவன் 2024இல் சக்கக்கொம்பனோடு சண்டையிட்ட காயத்தில் செத்தான். வனத்துறைப் பதிவேட்டில் ஏறும் முன்பே தேநீர்க்கடையில் ஏறிவிட்ட பெயர்கள் இவை. வாட்சர் தம்பி “எந்த ஆனை” என்று கேட்டதன் பொருள் இங்கே வந்து முழுதாக விளங்கியது. இவர்கள் யானை என்ற இனத்தோடு வாழவில்லை. இன்ன கொம்பன், இன்ன பிடி, அதன் குட்டி என்று தனித்தனியாக வரவு செலவு வைத்திருக்கிறார்கள்.

அரிக்கொம்பனைப் பிடிக்க வேண்டும் என்று சின்னக்கானல்காரர்கள் சாலையை மறித்தார்கள். பிடிக்கக்கூடாது என்று நகரத்து யானைப் பிரியர்கள் நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு பறம்பிக்குளத்துக்குக் கொண்டுபோகச் சொன்னது. பறம்பிக்குளத்துப் பக்கத்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். கடைசியில் 2023 ஏப்ரல் 29ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மே 27 காலை கம்பம் நகரத் தெருவில் நின்றது. ஜூன் 5ஆம் தேதி தமிழ்நாட்டு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்கு ஏற்றிப் போனது. யானை எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோள் சொல்லிக்கொண்டே இருந்தது. போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று முன்கூட்டியே சொல்ல எந்தக் காலரும் இல்லை. அது என் துறையின் வேலை. எங்களைக் கூப்பிடவில்லை என்று சொன்னால் நியாயமாகப் படும். கூப்பிட்டிருந்தாலும் பன்னிரண்டு பக்கத்தோடு போய் நின்றிருப்போம் என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

வரைபடம் போடச் சொன்னேன். மண்ணில் குச்சியால், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆண்கள் சாலை, அணைக்கட்டு, கடைகள், யானை சாலையைக் கடக்கும் மூன்று இடம் என்று சுத்தமாகப் போட்டு முடித்தார்கள். பெண்கள் குழாய், விறகெடுக்கும் இடம், பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கும் முக்கு என்று தொடங்கி, பிறகு ஓரமாக ஒரு வட்டம் போட்டார்கள். அது ஒரு பாறை.

“அங்கே என்ன?”

“அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.”

யானை நடமாட்டத்தை வாட்ஸ்அப்பில் அறிவிக்கிறார்கள். அதைப் பார்க்கப் பாறைக்கு ஏற வேண்டும். யானை இறங்கும் தடம் பாறையை ஒட்டித்தான் போகிறது. சொல்லிவிட்டு எல்லாரும் சிரித்தார்கள். வெகுநேரம் சிரித்தோம். பிறகு ஒருவர், போன ஆண்டு அந்தப் பக்கம் செத்துப்போனவரைப் பற்றிச் சொன்னார், சிரிப்பு நின்றது.

நாலரை மணி இருக்கும். ஏலத்தோட்டங்களிலிருந்து பெண்கள் சாலைக்கு ஏறி வந்தார்கள். தலையில் துண்டு, இடுப்பில் சாக்குக் கட்டு, கையில் தூக்குவாளி. பனி இறங்கத் தொடங்கியிருந்தது. வரிசையாக நின்ற ஜீப்புகளில், ஒருவர் மடியில் ஒருவர் என்று ஏறினார்கள். அரை மணி நேரத்தில் சாலை காலி.

“இவர்கள் யார்?”

“போடி ஆட்கள். காய் எடுக்க வருகிறார்கள்” என்றார் வீட்டுக்கார அக்கா, அடுப்பை ஊதிக்கொண்டே. “தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்தும் வருவார்கள். விடியும்போது ஏறி வருவார்கள். இந்நேரம் இறங்குவார்கள்.”

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பத்துக்கு ஒரு வீடு. அவர்களுக்கு இங்கே வீடு இல்லை.

ஆறாம் நாள்: போடி

பூப்பாறை, போடிமெட்டு வழியாக இறங்கினேன். வளைவுக்கு வளைவு ஸ்வெட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி, போடியில் இறங்கியபோது பனியன் நனைந்த மனிதர்களுக்கு நடுவே நின்றேன். ஊர் முழுக்க ஏலக்காய் வாசம். விளைவது மேலே, விலை பேசுவது கீழே.

குழுத் தலைவருக்குத் தொலைபேசினேன். ஜீப்பில் போகிறவர்களையும் சேர்க்க வேண்டும் என்றேன். அவர் சொன்னதை மறுக்க முடியாது: மாதிரியை நடுவில் மாற்றினால் மற்ற ஊர்களோடு ஒப்பிட முடியாது. அவர்கள் குடியிருப்பு யானை வாழிடத்தில் இல்லை. ஆகவே வரையறைக்கு வெளியே.

“சார், காலையும் மாலையும் பனியில் அந்தத் தடத்தில் நடக்கிறவர்கள் அவர்கள்தான். நம் வரையறை தூங்குகிற இடத்தை வைத்து எழுதியது.”

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. “பின்னிணைப்பாகச் செய். ஒரு நாளுக்கு மேல் எடுக்காதே” என்றார். இந்தத் தொழிலில் இது பெரிய வெற்றி. பரோட்டா சாப்பிட்டுக் கொண்டாடினேன்.

ஏழாம் நாள்: ஜீப்

ஐந்தரை மணிக்கு நின்றேன். இருட்டு. டிரைவர் என்னைப் பார்த்து, “டீச்சர், முன்னால் உட்காருங்கள்” என்றார். பின்னால்தான் உட்காருவேன் என்றேன். பின்னால் இருந்த பெண்கள் இடம் பார்த்தார்கள்; இடம் என்று ஒன்று இல்லை; ஆனாலும் உட்கார்ந்தேன். என் முழங்கால் யாருடைய தூக்குவாளியின் மேல் இருந்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

கேள்வித்தாளை விரிக்க வழியில்லை. வாயால் கேட்டேன். பக்கத்தில் இருந்த ஆத்தாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முப்பது ஆண்டாக ஏறி இறங்குகிறார்.

“யானை வந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும் ஆத்தா?”

“டிரைவர் சொல்வான்.”

“அவருக்கு?”

“மெட்டுக் கடையில் கேட்பான்.”

வாட்ஸ்அப் குழுவில் இவர்கள் இல்லை. மேலே வீடு இருக்கிறவர்களுக்கான குழு அது, செய்தி மலையாளத்தில். டிரைவர்களுக்கென்று தனிக் குழு ஒன்று உண்டு, எழுத்தே கிடையாது, குரல் பதிவுதான். “டேய், சக்கை அந்த வளைவில் நிற்கிறான், பத்து நிமிடம் பொறு.” தேயிலை ஏற்றும் லாரிக்காரர், பால்காரர், கடைக்காரர் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். யாரும் திட்டமிட்டு அமைத்ததாகத் தெரியவில்லை. எங்கள் அறிக்கையின் ‘முன்னெச்சரிக்கை அமைப்புகள்’ அத்தியாயத்தில் இது இல்லை. இனி இருக்கும்.

பின்வரிசையில் ஒரு சின்னப் பெண் கேட்டாள்: “அக்கா, மேலே எங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் எந்த ஆபீசுக்குப் போக வேண்டும்? அங்கே உள்ளதற்கா, இங்கே உள்ளதற்கா?”

“சம்பவம் நடந்த மாநிலத்து வனத்துறையிடம்தான் மனுக் கொடுக்க வேண்டும்.”

“ரேஷன் கார்டு இங்கே. வாரிசுச் சான்று இங்கே. பேங்க் புத்தகம் இங்கே.” விரல் விட்டு எண்ணினாள். “மனு மட்டும் அங்கே.”

மனித–வனவிலங்குப் பிரச்சினையை மாநிலப் பேரிடராகக் கேரளம் 2024 மார்ச்சில் அறிவித்ததைச் சொன்னேன். அவள் மரியாதைக்குத் தலையாட்டினாள்.

புளியங்கொட்டைப் பையை எடுக்கவே இல்லை. அந்த வாக்கியத்தை மட்டும் கேட்டேன்: இந்தப் பகுதியில் யானை இருப்பது நல்லதா? ‘பகலில் எப்படி, இரவில் எப்படி’ என்று இப்போது புத்திசாலித்தனமாகப் பிரித்து வைத்திருந்தேன்.

ஆத்தா வெளியே பார்த்தார். மலைக்குப் பின்னால் வெளுப்பதா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்தது. “நாங்கள் போகிற நேரம் இதுதான். வருகிற நேரமும் இப்படித்தான் இருக்கும். இதை நீ எதில் எழுதுவாய்?”

மெட்டில் வண்டி நின்றது. டிரைவர் கடைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தார். ஆனால் வண்டியை எடுக்கவில்லை. பெண்களின் பேச்சு தானாக அடங்கியது. யாரோ எனக்கு வெற்றிலை நீட்டினார்கள். பனிக்குள் எங்கோ மூங்கில் முறிகிற மாதிரி ஒரு சத்தம். இன்னொன்று. பிறகு இல்லை.

அந்த நேரத்தில் படிவத்தையாவது நிரப்புவோம் என்று மடியில் வைத்தேன். முதல் கட்டம் வீட்டு எண். பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“என்ன யோசிக்கிறாய்?” என்றார் ஆத்தா மெல்ல.

“வீட்டு எண் கேட்கிறது ஆத்தா. போடி எண்ணைப் போட்டால் கணக்கில் சேராது.”

“ஜீப் நம்பரைப் போடு” என்றார்.

போட்டேன். எழுதி முடிப்பதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். கடைசி இரண்டு இலக்கமும் கோணலாக விழுந்திருக்கின்றன.